கேப்டன் பெலிக்ஸ் கோடு போட்டுப் படிக்கிறார்

புத்தகம் படிக்கிறவர்களில் பல ரகம் உண்டு. வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர், இரவல் வாங்கி அமுக்குகிறவர், படித்ததாகச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம், யாருக்கும் சேதமில்லை. நான் இன்று உங்களுக்குக் காட்டப்போவது ‘இதை என்னைப் பத்தித்தான் எழுதியிருக்கான்’ என்கிற இனம். இந்த இனத்துக்குப் புத்தகம் என்றால் சலூன் கண்ணாடி. பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கூடத் தெரியாது.

எனக்கு வாய்த்த நண்பர் பெயர் பெலிக்ஸ். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் கையில் எப்படியோ ஒரு பழைய விஞ்ஞான நாவல் சிக்கியது. உலகமே கொண்டாடியதாம். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீங்களும் வாங்கி அதற்குள் உங்களைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். சனிக்கிரகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விண்வெளி நிலையத்தில் கேப்டன் ஒருவர் தன்னந்தனியே காவல் இருக்கிறார். பெலிக்ஸும் மில்லில் கண்ணாடிக் கேபினுக்குள், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, தன்னந்தனியே உட்கார்ந்திருக்கிறார். போதாதா?

அன்றிலிருந்து மேனேஜர் திட்டினால் அது விண்கல் மழை. கரண்ட் போனால் எரிபொருள் தீர்ந்த அத்தியாயம். வீட்டில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் வாய்க்கு விளங்கவில்லை என்றால், கேப்டன் மாத்திரையை முழுங்கியே உயிர் வாழ்ந்த பக்கத்தை எடுத்து அம்மாவுக்கே வாசித்துக் காட்டுவார். சிவப்புப் பேனாவும் கையுமாக அலைந்தார். கேப்டன் பெருமூச்சு விட்ட இடத்திலெல்லாம் கோடு.

“மாப்ள, எங்கயோ உக்காந்துக்கிட்டு, நான் பொறக்குறதுக்கு முந்தியே, என் மனச எப்படிடா எழுதுனான்?” என்று கேட்பார்.

“அவனுக்கு வேற சோலி இல்ல போல” என்பேன்.

பெலிக்ஸ் என்னை மன்னித்துவிடுவார். கேப்டனையும் பூமியில் ஒருத்தருக்கும் புரியவில்லையாம்.

இது இப்படியே போயிருந்தால் எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடுவில் அவருக்குப் பெண் அமைந்துவிட்டது. ஏஞ்சலின், வத்தலக்குண்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கெட்டிக்காரப் பெண், சிரித்த முகம். பையனுக்கு இனிமேல் எங்கே அமையப்போகிறது என்று ஜெபமாலையும் கையுமாகக் கிடந்த பெலிக்ஸின் அம்மா, அந்தப் பெண்ணைப் பார்த்த அன்றைக்கு ரோட்டிலேயே அழுதுவிட்டார். நிச்சயம் முடிந்து, கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பொண்ணு மாப்பிள்ளை பெயரை வாசிப்பார். தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம்.

ஏஞ்சலினுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு அப்புறமும் வத்தலக்குண்டுக்கு வேலைக்குப் போய் வரலாமா? கேட்கப் போன் போட்டாள். பெலிக்ஸ் படித்துக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. மெசேஜில் கேட்டாள். கேப்டன் நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்ன ஒரு வரியை அனுப்பிவைத்தார். விடாமல் இன்னொரு தரமும் கேட்டாள். “என்னைய முழுசாத் தெரிஞ்சுக்கிட்டா ஒனக்கே புரிஞ்சிரும்” என்று நாவலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரிக்கு வரச்சொன்னாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார் பெலிக்ஸ். “படிச்சிட்டு அழுதுருக்கும் மாப்ள” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

“படிச்சிட்டியா?”

“படிச்சேன். நீங்க கோடு போட்டதையும் படிச்சேன், கோடு போடாததையும் படிச்சேன்.”

“என்னையக் கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சேன். என்னையுந்தேன்.”

பெலிக்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய நாவலில் இன்னொருத்திக்கு ஏது இடம்?

“நீயா? எங்க?”

“பூமியில இருந்து ரேடியோவுல ஒருத்தி கூப்புட்டுக்கிட்டே இருக்காள்ல, அவதேன். கேக்குதா, பதில் சொல்லுங்க, பதில் சொல்லுங்கன்னு ஆரம்பத்துல இருந்து கத்துறா. அந்த மனுசன் ஒருக்காக்கூட வாயத் தொறக்கல. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அழுகையும் வந்துச்சு.”

பெலிக்ஸ் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“ரேடியோவுல பொம்பளையா? அப்படி ஒரு ஆளே கதையில வரலியே?”

எனக்கு டீ புரையேறிவிட்டது. ஏஞ்சலின் புத்தகத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். கேப்டன் பேசிய இடமெல்லாம் ரத்தக்களரி. அந்த ரேடியோக்காரி பேசிய இடத்தில் பேனா நுனி பட்ட தடயம்கூட இல்லை.

“சரி, இப்பவாச்சும் சொல்லுங்க. நான் வேலைக்குப் போகவா, வேணாமா?”

போகலாம் என்றால் நாலு எழுத்து. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த மாதம் நான் கல்யாண பிரியாணி சாப்பிட்டிருப்பேன். பெலிக்ஸ் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, “அதாவது, அந்த எடத்துல கேப்டன் ஏன் பேசலன்னா...” என்று ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டு மேலே பேசினார்.

ஏஞ்சலின் எழுந்துவிட்டாள். “டூட்டிக்கு நேரமாச்சு, வாரேன்” என்று என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் ஓலையில் அவர்கள் பெயர் வரவில்லை. பெலிக்ஸின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம், பயல் உடைந்துபோயிருப்பான் என்று வீட்டுக்குப் போனேன். கையில் அதே நாவல். கண் கலங்கியிருந்தது. அடடா, கடைசியில் அந்த ரேடியோக்காரியைப் பார்த்துவிட்டான் என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்துவிட்டது.

“இங்க பாரு மாப்ள” என்று ஒரு பக்கத்தைக் காட்டினார். சிவப்பு மை இன்னும் காயவில்லை. “ரேடியோ நின்னு போன பெறகு கேப்டன் எம்புட்டுத் தனியாக் கெடந்து தவிச்சிருக்கான்! இதையும் எனக்குன்னே எழுதியிருக்கான்டா.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான். ‘இது நம்ம ஆபீஸ் ஆளு மாதிரியே இருக்கே’ என்று யாரையாவது நினைத்துக்கூட வைத்திருப்பீர்கள். அதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டுக்குள்ளிருந்து உங்களை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாரே, என்ன கேட்டார்?