நான் ரிப்பேர் செய்த பாட்டு

அன்றைக்கு பிரஸ்ஸில் இருந்தவர்கள்: மெஷின் ஓட்டும் மாரிமுத்து, அதாவது நான். ஓனர் அண்ணாச்சி. பைண்டிங் பாண்டியம்மாள் அக்கா. மதியச் சோறு கொண்டுவந்த என் மனைவி செல்வி. விருதுநகர் பருப்புக்கடை பாயின் மகள் ரிஸ்வானா. அப்புறம் மெஷின். அதையும் ஓர் ஆளாகத்தான் எண்ண வேண்டும். அன்றைக்குச் சொன்னபடி நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

நான் எட்டாவது வரை படித்தவன். அதிகம் பேச வராது. செல்வி எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். (எழுதாவிட்டாலும் அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்.)

எங்கள் சிவகாசி பிரஸ்ஸில் இருப்பது பழைய இரண்டு கலர் ஆஃப்செட் மெஷின். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்போம். சீசனில் காலண்டர். பதினாறு வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். ஒவ்வொரு தாளை இழுக்கும்போதும் அது ஒரு ‘டக்’ போடும். பேரிங் தேய்ந்த டக். வேலைக்கு ஒரு குறையும் வராது, கலர் விலகாது. ஆனாலும் எனக்கு அவமானம். விருந்தாளி முன்னால் ஏப்பம் விடுகிற பிள்ளை மாதிரி.

பாய் தன் கடைக் காலண்டருக்கு மாதிரி பார்க்க வந்தபோது ரிஸ்வானாவும் வந்தாள். மெஷின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மை வாடைக்கு மயக்கம் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை. தலை மட்டும் ஆடியது.

“அண்ணே, இந்தச் சத்தம் என் ஆல்பத்துக்கு வேணும்ண்ணே.”

அவளுக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. மிச்ச நேரத்தில் ஆல்பம் போடுகிறாள். பாடகர் கிடையாது, வாத்தியக்காரர் கிடையாது. ஒத்தை ஆள், ஒரு லேப்டாப், ஊரில் உள்ள இரும்புச் சத்தம் பூராவும். இரண்டு ஆல்பம் வந்துவிட்டது. மூன்றாவதுக்கு ஏழு பாட்டு தயார். எட்டாவது பாட்டுக்குச் சரியான சத்தம் கிடைக்காமல் எட்டு மாதமாக அலைகிறாள். ஹெட்போனை என் காதில் மாட்டி மூன்று பாட்டைப் போட்டாள்.

நான் கோயில் கொடைத் திருவிழாவில் ரேடியோ செட்டில் போடும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவன். இது வேறு. இருட்டுக் குடோனுக்குள் ஒரு பெரிய இரும்புக் கதவு மூச்சு விடுவது மாதிரி. அதற்கடியில் தம், தம், தம். கால் தானாக ஆடியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. எனக்கு அப்படி ஆனதே இல்லை. (கல்யாணத்தன்றுகூட. செல்விக்குத் தெரியும்.)

மூன்று பாட்டையும் முழுசாகக் கேட்டுவிட்டு என் கருத்தைச் சொன்னேன். முதல் பாட்டில் பெல்ட் லூஸ். இரண்டாவதில் பல்சக்கரத்தில் ஒரு பல் இல்லை. மூன்றாவது ஆயில் இல்லாமல் ஓடுகிறது, ரொம்ப நாள் தாங்காது.

அவள் சிரித்தாள். தன் பாட்டை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை என்றாள். அண்ணாச்சியிடம் பேசி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் பெங்களூர் திரும்ப வேண்டும். அந்த வாரமே ஆல்பத்தை முடித்துக் கொடுக்க வேண்டும்.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பாவம், இந்தப் பிள்ளைக்கு இதுவரை கிடைத்த மெஷினெல்லாம் கோளாறு. நாம் ஒரு நல்ல மெஷினைக் காட்டுவோம்.

சனிக்கிழமை அரை நாள் மெஷினைப் பிரித்துப் போட்டேன். புது பேரிங், புது கிரீஸ். பழைய பேரிங்கை இரும்புக்கடை வண்டியில் எறிந்தேன். ஓட்டினால் தாள் பறக்கிற சத்தம் மட்டும்தான். கரண்ட் போயிருச்சா என்று பாண்டியம்மாள் அக்கா கேட்டார். சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிஸ்வானா வந்து நான்கு மைக் வைத்தாள். மெஷினைச் சும்மா ஓட்டவேண்டாம், பாய் காலண்டரையே ஓட்டு என்றார் அண்ணாச்சி. அருவிக்கு முன்னால் இரண்டு மான் நிற்கும் படம். இரண்டு கலர் ஏற்கெனவே அடித்தாயிற்று, மிச்சம் இரண்டு. ஓட்டினேன். அவள் கண்ணை மூடினாள். திறந்தாள். குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தாள்.

“அண்ணே, அந்த டக் எங்கண்ணே?”

“சரி பண்ணிட்டேம்மா.”

வாழ்க்கையில் நான் அவ்வளவு பெருமையாகச் சொன்ன வார்த்தை வேறு கிடையாது.

அவள் தாள்கட்டு மேல் உட்கார்ந்துவிட்டாள். “அதுக்குத்தாண்ணே வந்தேன்,” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தூக்குவாளியோடு நின்ற செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு ஸ்பேனரை எடுக்காமல் இருக்க முடியாது.

மெஷினை நிறுத்தி ஒரு நட்டைத் தளர்த்தி ஓட்டினேன். ‘டிக்’ என்றது. அவள் நிமிர்ந்தாள். இன்னொரு நட்டு. ‘டொக்’. எழுந்து நின்றாள். மூன்றாவது நட்டு. டக், டொக், கடகட. “அதான்ண்ணே, விட்ராதீக!” பாண்டியம்மாள் அக்கா தலையாட்டினார். செல்வி தூக்குவாளி மூடியைத் தட்டினாள். நான் ஸ்பேனரால் ஒரு தகரத்தில் தாளம் போட்டேன். சாமி வந்தவன் மாதிரி இருந்திருப்பேன். தாளை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அண்ணாச்சி வந்தார். ஒரு தாளை உருவினார்.

“ஏலே மாரி, பாய் எத்தன மான் கேட்டாரு?”

“ரெண்டு, அண்ணாச்சி.”

“எண்ணுலே.”

நான்கு இருந்தது. நீல மான் இரண்டு, அதைவிட்டு விலகிச் சிவப்பு மான் இரண்டு. ஒன்று அருவிக்குள் நின்றது. அருவி பாறையை விட்டு வெளியே விழுந்தது.

கெட்டுப்போன தாளைத் தன் முன்னாலேயே சத்தமாக எண்ணச் சொன்னார். தன் அத்தா பாயிடம் தானே பேசிக்கொள்வதாக ரிஸ்வானா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. எண்ணினேன். லாபம் (ஒன்றை எங்கள் பக்கம் அப்படித்தான் எண்ணுவோம்), ரெண்டு, மூணு. தாள் வைப்பதை நிறுத்தினோமே தவிர மெஷினை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது வெறுமனே டக், டொக் என்று ஓடியது. நூறைத் தாண்டியதும் என் வாய் அந்த டக்கின் தாளத்தில் போய் விழுந்தது. மாற்ற முடியவில்லை. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள்.

காலண்டரை மறுபடி அடித்துக் கொடுத்தோம். கெட்டதில் ஒன்றை பாய் கடையில் மாட்டியிருக்கிறார். பருப்பு வாங்க வருகிறவர்கள் மான் எண்ணிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டுக்கு யாராவது வருவதாக இருந்தால் செல்வி முதலில் ஸ்பேனரை ஒளித்து வைக்கிறாள். ஃபேன் கடகட என்றால், “சரி பண்ணிராதீக, யாராச்சும் ஆல்பத்துக்குக் கேட்டு வருவாக,” என்கிறாள்.

ஆல்பம் வந்துவிட்டது. எட்டாவது பாட்டு ஏழு நிமிடம். இருட்டு, தம் தம், என் மெஷின், அதற்கு மேல் என் குரல். நான் எண்ணி முடித்த இடத்தில் பாட்டும் நிற்கிறது. அந்த எண்ணையே பாட்டுக்குப் பெயராக வைத்துவிட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு.