அதெல்லாம் மருந்தா?

மூக்கடைப்பாளர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. வெறும் ஜலதோஷக்காரரோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். தூசி, பூனைமுடி, சாரல், சாம்பிராணி எல்லாவற்றுக்கும் தும்முகிறவர். ஆறு ஸ்கேன் எடுத்தவர். வீட்டு அறைகளைவிடத் தன் சைனஸ் அறைகளை நன்றாக அறிந்தவர்.

தென்காசி பால்வண்ணநாதன் இந்த இனத்தில் மூத்தவர். நான்கு வருஷமாக மூக்கில் எந்த வாசனையும் ஏறவில்லை. பேத்தி பிறந்து எட்டு மாதம். பிள்ளையின் தலை எப்படி மணக்கும் என்று மனைவி சங்கரேஸ்வரியிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அதில் மனுஷருக்கு உள்ளூர அழுகை.

அதனால்தான் டாக்டர் நஸீபா நடத்திய புது மருந்துச் சோதனையில் சேர்ந்தார். பாதிப் பேருக்கு மூக்கில் அடிக்கும் மருந்து, மீதிப் பேருக்கு அதே மாதிரிப் பாட்டிலில் வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

"வேற மருந்து எதும் எடுக்கியளா அண்ணாச்சி? எடுத்தா சேர்க்க முடியாது."

"மருந்தா? தொடவே மாட்டேன்."

சத்தியமான வார்த்தை. அவர் அகராதியில் மருந்துக்கடையில் விற்பது மட்டுமே மருந்து. விடியற்காலையில் ஐந்தருவியில் தலையைக் கொடுப்பது, நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது, நெற்றியில் சுக்குப் பற்று, செங்கோட்டையில் வாங்கிய கேரளத்துத் தைலம் மூக்குக்கு நாலு சொட்டு, இதெல்லாம் பழக்கம்.

ஆறாவது வாரம் பேத்தியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தேங்காய் எண்ணெயும் பாலும் கலந்த வாசம்!

"ஏட்டி, மணக்கு! பிள்ள மணக்கு!"

மறுநாள் டாக்டருக்கும் மகிழ்ச்சி. "பாட்டில் நல்லா வேலை செய்யுது போல, அண்ணாச்சி."

அங்கேதான் காரியம் கெட்டது. கேவலம் ஒரு பாட்டிலுக்கா பெருமையை விட்டுக்கொடுப்பார்?

"பாட்டிலா? அருவித் தண்ணில்லா வேலை செய்யுது!" என்று தொடங்கி நொச்சி, சுக்கு, தைலம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"வேற மருந்து இல்லன்னியளே?"

"அதெல்லாம் மருந்தா டாக்டரம்மா?"

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். எது குணமாக்கியது என்று இனி யார் சொல்ல முடியும்? பட்டியலிலிருந்து அவர் பெயர் போனது. பாட்டிலையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றே வாரத்தில் வாசமும் போய்விட்டது. அருவி விழுந்துகொண்டுதான் இருக்கிறது, தைலமும் தீரவில்லை. பேத்தியின் உச்சந்தலையில் மூக்கை வைத்து வைத்துப் பார்க்கிறார். ஒன்றுமில்லை.

சிரிக்கிறீர்களா? இதை எழுதுகிறவன் மூன்று வரிக்கொருமுறை மூடி திறந்து முகரும் குட்டிப் பாட்டிலை மருந்து என்றால் அவனுக்கும் கோபம் வரும். அவன் கிடக்கட்டும். போன மாதம் டாக்டர் கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அப்போது உங்கள் பையில் என்ன இருந்தது?