பிளாக்டவுன் படகு பராமரிப்பு மன்றம்

மனித உறவுகளிலேயே தூய்மையானது எது என்ற கேள்விக்கு இனி வேறு பதில் தேட வேண்டாம். ஒரு மனிதனுக்கும் அவன் வாங்கிய பழைய மீன்பிடிப் படகுக்கும் உள்ள உறவே அது. பிள்ளை வளர்ப்பவர் கடைசி காலத்தில் பிள்ளை பார்க்கும் என்று நினைக்கிறார். மாடு வளர்ப்பவர் பால் கேட்கிறார். பழைய படகு வைத்திருப்பவர் மட்டும்தான் கழுவுகிறார், துடைக்கிறார், கிறீஸ் பூசுகிறார், பதிலுக்கு ஒன்றும் கேட்பதில்லை. மீன்கூடக் கேட்பதில்லை.

அப்படிப்பட்ட உத்தமர்களில் ஒருவர்தான் பிளாக்டவுன் விக்னராஜா. வயது நாற்பத்தெட்டு. மேற்கு சிட்னியில் ஒரு நகரசபையின் வடிகால் பிரிவில் பொறியியலாளர். தண்ணீர் எந்த ஓட்டையால் வரும், எவ்வளவு வேகத்தில் வரும், எத்தனை நிமிடத்தில் நிரம்பும் என்று சொல்வதற்கென்றே அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனிதர்.

அவருக்குப் படகு வாங்கும் எண்ணம் திங்கட்கிழமைகளால் வந்தது. திங்கள் காலை பத்தரைக்கு அலுவலகத்தில் தேநீர். பிரிவுத் தலைவர் கெவினும், இன்னும் இரண்டு வெள்ளைக்காரரும் கோப்பைகளை ஏந்தி நின்று, சனி ஞாயிறில் பிடித்த மீன்களை விவரிப்பார்கள். மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவார்கள். பிறகு மரியாதைக்கு, "விக், உனக்கு எப்படிப் போனது?" என்பார்கள். ஒருமுறை விக்னராஜா பரமட்டாவில் ஒரு அரங்கேற்றத்துக்குப் போனதைச் சொன்னார். அரங்கேற்றம் என்றால் என்ன என்று விளக்கவே நாலு நிமிடம் போய்விட்டது. மூவரும் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு மீனுக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டு வருடமாக அந்த வட்டத்தின் ஓரத்தில் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி நின்றவருக்கு, தன் வாயாலும் ஒரு திங்கட்கிழமைக் கதை சொல்ல வேண்டும் என்ற ஆசை நெஞ்சை அரித்தது.

ஆகவே 2010இல் வின்ட்சர் பக்கம் போய் ஒரு 'பாஸ் போட்' வாங்கினார். பாஸ் என்பது இங்கத்தைய நல்ல தண்ணீர் ஆறுகளில் திரியும் ஒரு மீன். அதைத் துரத்துவதற்கென்றே தாழ்வாக, தட்டையாகக் கட்டிய படகு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக உயரமான இரண்டு சுழல்கதிரைகள். 1988ஆம் ஆண்டுத் தயாரிப்பு. சிவப்பு நிறம், அதற்குள் மினுக்கம் தூவியிருந்தது. சாவி தொலைந்து எத்தனையோ வருடமாம். மோட்டரை ஒரு திருப்புளியால்தான் கிளப்ப வேண்டும். விற்றவர் அதையும் ஒரு சிறப்பம்சமாகவே சொல்லி விற்றார்.

"பாஸைப் பிடிச்சால் அளந்து, படம் எடுத்துப்போட்டுத் திருப்பி ஆத்திலை விட்டிடவேணும். அதுதான் முறை," என்று மனைவி விமலாதேவிக்கு விளக்கினார் விக்னராஜா.

"பிடிச்சதைத் திருப்பி விடுறதோ? அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறியள்?"

"அது ஒரு ஸ்போர்ட்."

"இஞ்சேருங்கோ, சும்மா மீனைப் பாத்திட்டு வாறதெண்டால் நான் கிழமைக்கு ஒருக்கா மார்க்கெட்டிலை செய்யிறன். அதுக்குப் போட் வேண்டேல்லை."

அடுத்த திங்கட்கிழமை விக்னராஜா தேநீர் வட்டத்தில் மெதுவாகச் சொன்னார்: "பழைய பாஸ் போட் ஒன்று வாங்கினேன். மோட்டர் கிளம்புகிறதில்லை."

மூன்று கோப்பைகளும் மேசைக்கு இறங்கின. "என்ன மாதிரிச் சத்தம்?" என்றார் கெவின். விக்னராஜா வாயால் சத்தம் போட்டுக் காட்டினார். இல்லை, இப்படியா என்று கெவின் ஒரு சத்தம் போட்டார். மற்ற இருவரும் ஆளுக்கொரு சத்தம் போட்டார்கள். நகரசபையின் வடிகால் பிரிவு முக்கால் மணித்தியாலம் மோட்டராகவே இயங்கியது. விக்னராஜாவுக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை.

படகு வந்த செய்தி தமிழ் உலகத்துக்கும் எட்டியது. முதலில் வந்தவர் பக்கத்துத் தெரு யோகேஸ்வரன். மூன்று சங்கங்களுக்குத் தலைவராக இருந்து, மூன்றும் உடைந்துபோனதால் அந்த நேரம் பதவியில்லாமல் அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர். படகைச் சுற்றி வந்தார், ஏறினார், முன் சுழல்கதிரையில் உட்கார்ந்தார், ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். "தம்பி, இதுக்கு ஒரு அமைப்பு வேணும்," என்றார்.

ஏணி இரவல் கேட்டு வந்த நாகராஜன் செயலாளர் ஆனார். மதுரைக்காரர், கணினி நிறுவனத்தில் திட்ட மேலாளர். "எனக்கு போட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். எங்க ஊர் ஆத்துல தண்ணி வந்தாலே நியூஸ்ல சொல்வாங்க," என்று நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர் ஏகமனதாகத் தெரிவானார்.

அதன்பின் ஞாயிறுதோறும் பிற்பகல் நாலு மணிக்கு, வீட்டு முன்றலில், டிரெய்லர் மேல் நின்ற படகுக்குள் 'பராமரிப்பு மன்றம்' கூடியது. தலைவருக்கு முன்கதிரை, செயலாளருக்குப் பின்கதிரை. படகின் சொந்தக்காரர் மீன் போடும் பெட்டியின் மூடியில் குந்தினார். சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டது. முன்மொழியப்பட்டது, வழிமொழியப்பட்டது. கசிவு நீர் இறைக்கும் பம்ப் வேலை செய்யவில்லை என்பது பதினான்கு கூட்டங்களில் 'கவனத்தில் எடுக்கப்பட்டது'. இரண்டு வருடத்தில் அந்தப் படகில் விமலாதேவி சுட்ட வடை முந்நூறு போனது. தண்ணீர் மட்டும் பட்டதில்லை.

விக்னராஜாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன பழுது கண்டுபிடிக்கப்பட்டதோ, அது திங்கட்கிழமை அவருடைய பேச்சு. ஆனால் 2012ஆம் ஆண்டு குளிர் முடிந்ததும் விமலாதேவி பொறுமை இழந்தார்.

"ரெண்டு வருசமா என்ர கார் ரோட்டிலை நிக்குது. தீபாவளிக்குள்ளை உந்தப் போட் தண்ணியிலை இறங்கவேணும். இல்லாட்டி அடுத்த நாளே வித்துப்போடுவன். சொல்லிப்போட்டன்."

விக்னராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. படகு போனால் திங்கட்கிழமையும் போய்விடும். பழையபடி ஓரத்தில் நின்று பிஸ்கட் தோய்க்க வேண்டும்.

மன்றம் அவசரமாகக் கூடியது. சனிக்கிழமை வெள்ளோட்டம் என்றும், அதற்கு முதல்நாள் கோயிலில் பூசை என்றும் தீர்மானமானது. புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைப்பது சிட்னித் தமிழரின் மாறாத வழக்கம். படகு வாகனமா என்று ஐயர் யோசித்தார். டிரெய்லருக்குச் சில்லு இருக்கிறதே என்றார் யோகேஸ்வரன். ஐயர் ஒத்துக்கொண்டு, தட்டை நீட்டினார்.

"சாவியை வையுங்கோ."

சாவி இல்லை. திருப்புளியை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. யோகேஸ்வரன் ஒரு கணம் யோசித்தார். படகின் பின்பக்கத்தில், அடியில் ஒரு ஓட்டை உண்டு. கரையில் நிற்கும்போது உள்ளே சேரும் மழைநீர் வடிவதற்கு. அதை அடைக்கும் பித்தளை மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து தட்டில் வைத்தார். "இதுதான் ஐயா போட்டின்ர உயிர்," என்றார். இவ்வளவு சரியான வசனத்தை அவர் அந்த மன்றத்தில் அதற்கு முன் பேசியதில்லை.

ஐயர் அதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூவோடு வெற்றிலையில் சுற்றிக் கொடுத்தார். பிரசாதத்தைக் கண்ட இடத்தில் வைக்கக் கூடாது அல்லவா? விமலாதேவி அதைப் பக்தியோடு வாங்கிக்கொண்டுபோய் வீட்டுச் சாமித்தட்டில், பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. வின்ட்சருக்குக் கிட்ட ஆற்றங்கரை. திருப்புளி வேலை செய்தது, மோட்டர் கிளம்பியது, படகு மிதந்தது. மூவரும் மிதவைச் சட்டையோடு கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போய் மோட்டரை நிறுத்தினார்கள். விக்னராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கரையில் வடைப் பெட்டியோடு நின்ற விமலாதேவி கை காட்டினார். தலைவர் முன்கதிரையில் எழுந்து நின்று உரையைத் தொடங்கினார். நாகராஜன் குனிந்து காலைப் பார்த்தார்.

"சார், என் சாக்ஸ் நனையுது."

"பழைய போட் எண்டால் அப்பிடித்தான் தம்பி. மூச்சு விடுது. குறுக்கை கதைக்காதையுங்கோ," என்றார் தலைவர்.

"மூச்சு இல்ல சார், தண்ணி. முழங்காலுக்கு வருது சார்!"

விக்னராஜா திரும்பிப் பார்த்தார். பின்மூலையில் தண்ணீர் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. ஓட்டையின் விட்டம் இருபத்தைந்து மில்லிமீற்றர். அவருடைய மூளை கேட்காமலே கணக்குப் போட்டது. இன்னும் நாலு நிமிடம். செய்வதறியாமல் கைபேசியை எடுத்துக் கரைக்கு அழைத்தார்.

"விமலா, அந்தப் பித்தளை மூடி எங்கை?"

"சாமித்தட்டிலை. நல்ல பத்திரமா இருக்கு. விளக்கும் ஏத்திப்போட்டுத்தான் வந்தனான். ஏன்?"

விக்னராஜாவின் கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. படகு ஆரவாரமில்லாமல் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் சேற்றில் குந்தியது. வெளியே தெரிந்தவை இரண்டு சுழல்கதிரைகள் மட்டும். தலைவரும் செயலாளரும் அவற்றில் கால்களைத் தூக்கி வைத்து அமர்ந்திருந்தார்கள். நன்றியுரை கைவிடப்பட்டது.

பின்னேரம், டிரெய்லரில் ஏற்றி வந்த படகிலிருந்து சேறு வடிய, விக்னராஜா தலை குனிந்து நின்றார். மனைவி படகை விற்றுவிடப் போகிறார் என்றே நினைத்தார். விமலாதேவி வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. வயிறு நோகச் சிரித்தார்.

"தண்ணியிலை இறங்கவேணும் எண்டுதான் சொன்னனான். மிதக்கவேணும் எண்டு நான் சொல்லேல்லையே. வைச்சிருங்கோ."

திங்கட்கிழமை பத்தரை. விக்னராஜா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். பூசை, வெற்றிலை, பிள்ளையார், சேறு, எல்லாம். ஒருவரும் சிரிக்கவில்லை. கெவினின் முகம் கறுத்துவிட்டது.

"விக், நல்லபடியாக நின்ற படகு. அதை ஏன் தண்ணீரில் விட்டாய்?"

விக்னராஜாவுக்கு விளங்கவில்லை.

"என்னுடையதை வாங்கிப் பத்தொன்பது வருடம்," என்றார் கெவின். "ஒரு துளி பட விட்டதில்லை." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர்களுடைய படகுகளுக்கு இருபத்திரண்டு வருடமும் பதினைந்து வருடமும்.

"அப்படியென்றால், இவ்வளவு காலமும் நீங்கள் சொன்ன மீன்கள்?"

கெவின் விக்னராஜாவின் கோப்பையை வாங்கி, தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்து, பிரிவுத் தலைவருக்குரிய கண்ணியத்தோடு கேட்டார்: "சரி, விக். சனிக்கிழமை மீன் ஏதும்?"

விக்னராஜா மூன்று முகங்களையும் பார்த்தார். கோப்பையை மேசையில் வைத்தார். இரண்டு கைகளையும் தூக்கி ஒரு சாண் காட்டினார். மூவரும் 'இன்னும்' என்பதுபோல் பார்த்தார்கள். முழம் வரைக்கும் விரித்தார். மூவரும் கிட்ட வந்து கை குலுக்கினார்கள்.

வடிகால் பிரிவில் அதுவரை பொய் சொல்லத் தெரியாமல் இருந்த ஒரே அலுவலர் அவர்தான்.