பன்னிரண்டு அடிப் பாப்பா

மனித குலம் இதுவரை படைத்தவற்றுள் தலைசிறந்தது எங்கள் நகரின் நட்டநடுவில் இருக்கும் குடும்பப் பூங்காதான். இதை மறுப்பவர்கள் அந்தப் பூங்காவைப் பார்த்திராதவர்கள். அல்லது குழந்தையோடு போய் வந்தவர்கள். வாசல் வளைவில் 'ஆண்டு முழுவதும் ஆனந்தம்' என்று எழுதியிருக்கும். அது பொய்யில்லை. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் ஆனந்தத்துக்கான ஏற்பாடுகள் மும்முரமாக நடந்துகொண்டே இருக்கும். ஆனந்தத்துக்குத்தான் நடுவில் இடம் கிடைப்பதில்லை.

என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவோம். அவளுக்கு ஒரே ஓர் ஆசை, அந்தப் பூங்கா ஊஞ்சலில் ஆட வேண்டும். வீட்டிலேயே மாட்டிவிடலாம் என்றால், கூரையில் கொக்கி அடித்த மறுநிமிடம் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிடுவார்.

போன கோடையில் அழைத்துப் போனேன். வாசலில் காவலர் நோட்டைப் பிரித்தார்.

"எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர். நானும் மகளும்."

"ரெண்டு பேர் எப்படி சார் குடும்பமாகும்? இங்க மூணு கட்டம் இருக்கே."

"அவ அம்மா நர்ஸ். இன்னைக்கு ஆஸ்பத்திரியில டியூட்டி."

அவர் சிறிது யோசித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் தன்னையே எழுதிக்கொண்டார். அப்படியொரு குடும்பப் பாசத்தை நான் என் கூடப்பிறந்தவர்களிடம்கூடக் கண்டதில்லை.

உள்ளே ஊஞ்சல்களைச் சங்கிலியோடு சுருட்டிக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் நாற்பது நாற்காலிகள். 'கோடைக் கொண்டாட்ட' நீரூற்றைத் திறந்துவைக்க வரும் பிரமுகர்களுக்காம். பிரமுகர்கள் வந்தார்கள். தண்ணீர் வரவில்லை. அதற்கும் கை தட்டினார்கள்.

பூங்கா மேலாளர் என் தோளைத் தட்டினார். "அவசரப்படாதீங்க சார். ஊஞ்சல் எங்க ஓடிடப் போகுது? வருஷம் பூரா இங்கதான் இருக்கும்."

மழைக்காலத்தில் 'மழை மகிழ்ச்சி வாரம்' என்று அறிவித்தார்கள். போனோம். சங்கிலிகள் தொங்கின, பலகைகளைக் காணோம். நனைந்தால் கெட்டுவிடும் என்று மேலாளர் அறையில் பத்திரப்படுத்தியிருந்தார்கள். மகிழ்ச்சி நனையலாம், பலகை நனையக் கூடாது என்பது நிர்வாகக் கொள்கை. வாலு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அவரு ஃப்ளாஸ்க் வெச்சிருக்கறது ஊஞ்சல் பலகை மேலதானே?"

"ஆமாம்மா."

"ஃப்ளாஸ்க் மட்டும் உட்காரலாமா?"

 மேலாளரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

குளிர்காலத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. வாலுவின் இரட்டைச் சடையையும் பல் விழுந்த சிரிப்பையும் பார்த்த மேலாளர் அசந்து நின்றார்.

"இந்த முகத்தைத்தான் சார் தேடிட்டு இருந்தோம். வாசல் விளம்பரத்துக்கு."

உடனே பலகை வந்தது. இரண்டு பேர் அதைப் பூட்டினார்கள். வாலு ஏறி உட்கார்ந்தாள். ஆறு மாதமாகக் காத்திருந்த கால் தரையை உந்தியது.

"ஆடாத பாப்பா, படம் கலங்கிடும்" என்றார் புகைப்படக்காரர்.

அவள் என்னைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்கள் பெரிய மனிதர்கள். நம்மால் அவர்கள் வேலை கெடலாமா?

"சொன்னா கேளும்மா. கொஞ்ச நேரம் ஆடாம இரு" என்றேன்.

சொன்னபடி சிரித்தாள். மூன்று படம் எடுத்தார்கள். உடனே பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வீடு வரும்வரை என் கையைப் பிடிக்காமல் நடந்து வந்தாள். எனக்கோ, மகள் படம் ஊரே பார்க்கப் போகிறதென்று ஒரே பெருமை.

இந்தக் கோடையில் ஊஞ்சலை முறைப்படி ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். என் மனைவி இரண்டு ஞாயிறு வேலை பார்ப்பதாக ஒப்புக்கொண்டு விடுப்பு வாங்கி வந்தாள். மூன்று கட்டமும் நிறைந்த முழுக் குடும்பமாகப் போனோம். வாசல் வளைவில் வாலுவின் படம், பன்னிரண்டு அடி உயரம், ஊஞ்சலில் சிரித்தபடி.

ஊஞ்சலருகே புது அறிவிப்புப் பலகை ஒன்று நின்றது. 'நான்கு அடிக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும்.' காவலர் அளவுகோலோடு வந்தார்.

"நாலடி ஒரு விரற்கடை. பாப்பா வளந்துடுச்சு சார்."

"ஒரு வருஷம் நிக்க வெச்சீங்களே, வளராம என்ன செய்யும்?" என்றாள் என் மனைவி.

மேலாளர் கைகூப்பினார். "விதின்னா விதிதாம்மா. ஆனா குழந்தை வளர்ச்சியில எங்களுக்கும் சந்தோஷம்தான். அறிக்கையில சேர்த்துக்கறோம்."

வாலு அழவில்லை. வளைவைக் காட்டினாள்.

"அந்தப் பாப்பா பன்னெண்டு அடி இருக்கா. அவ மட்டும் உட்கார்ந்திருக்கா?"

மேலாளர் கேள்வியைக் கோப்பு பார்ப்பதுபோல் ஆழ்ந்து பரிசீலித்தார்.

"அவ ஆட மாட்டா பாப்பா."

பிறகு கருத்துப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "நல்லதா நாலு வரி போடுங்க சார்." போட்டேன். 'ஊஞ்சல் மிகவும் நன்றாக இருக்கிறது. ஓராண்டாகப் பார்த்து வருகிறோம்.'

வாலு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதன் கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்.

'ஆடாதன்னு சொன்னது எங்க அப்பாவும்தான்.'

அதற்கும் கீழே 'உண்மை எனச் சான்றளிக்கும் குடும்பத் தலைவர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருந்தது. போட்டுக் கொடுத்தேன்.