காபாவும் குப்புராஜின் தறியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து ஆதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

என் வீட்டு மாடியில் குடியிருந்த பானுப்ரியாவை நான் விரட்டிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. ஆறு மாதக் கர்ப்பிணியான அவளைப் போளூருக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியது தங்கள் வார இதழ்.

கருவின் மூளை பற்றிய கட்டுரையின் முற்பாதியைத் தாங்கள் வெளியிட்டீர்கள். நரம்புகள் ஒன்றோடொன்று இணையும் முன்பே, செய்தியை வாங்கும் ஏற்பிகள் அவற்றில் தோன்றிவிடுமாம். காபா என்ற பொருள் தன் ஏற்பியில் சேர்ந்தால் மூளை அடங்குமாம். கான்வென்டில் படித்தவள் நான். ஒரு வரி விடாமல் படித்தேன். அடக்கமே நல்லதென்று பானுப்ரியாவின் டிவியை நிறுத்தி, மிக்சியை வாங்கி என் பீரோவில் பூட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓட்டும் குப்புராஜையும் நிறுத்தச் சொன்னேன். மரியாதைக்காக நிறுத்தினார்.

அடுத்த வாரம் பிற்பாதி வந்தது. அதே காபா கருவின் மூளையை அடக்காதாம், தூண்டுமாம்; அதில்தான் மூளை வளருமாம்! ஐயா, சேலையை வெட்டி உடலை ஒரு வாரம், முந்தியை மறுவாரம் என்று யாராவது விற்பார்களா? உடனே தறியை ஓட்டச் சொல்லி, அவள் கட்டிலைத் தறிச்சுவரோரம் நகர்த்த வைத்தேன்.

“நிறுத்துன்றீங்க, ஓட்டுன்றீங்க. தறி இன்னா ஃபேன் சுவிட்சாங்க?” என்றார் குப்புராஜ்.

பானுப்ரியா அழுதேவிட்டாள். “ம்மா, போன வாரம் இருமக்கூட வுடல. இந்த வாரம் தறியாண்ட படுன்றீங்க. எனக்கே பேஜாரா கீது, உள்ள கீறது இன்னா பண்ணும்?”

அவள் கணவர் சுதாகர் மறுநாளே அவளைப் பஸ் ஏற்றிவிட்டார். அவர் வேலைக்குப் போனால் மாடி காலியாகக் கிடக்கிறது. எனக்கு வருத்தமில்லை, படிக்கட்டு சுத்தமாக இருக்கிறது. காலையில் பழக்கத்தில் அவளுக்கும் சேர்த்து இரண்டு தம்ளர் காபி கலந்துவிடுகிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழந்தைக்கு என்னால் ஏதும் கெடுதல் வந்திருக்குமா? சத்தம் நல்லதா, அமைதி நல்லதா? கட்டுரை எழுதிய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தங்கள் இதழ் பல்லாண்டு வளர வாழ்த்தும்,
ஆதிலட்சுமி

பி.கு.: உறையை ஒட்டும்போது பானுப்ரியா பையோடு வந்து நிற்கிறாள். தறிச் சத்தமில்லாமல் போளூரில் தூக்கமே வரவில்லையாம். குழந்தை நன்றாக இருக்கிறதாம். தறிக்கும் காபாவுக்கும் சம்பந்தமே இல்லையென்று அங்குள்ள டாக்டரம்மா சிரித்தாராம். “மிக்சிய குடுங்கம்மா, சட்னி அரைக்கணும்” என்கிறாள். எனவே மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். பிள்ளை பிறந்தபின் காபா எப்போது தூண்டுவதை விட்டு அடக்கத் தொடங்கும் என்பதை மட்டும் தெரிவியுங்கள். தொட்டிலை எந்தச் சுவரோரம் போடுவதென்று நான் முடிவுசெய்ய வேண்டும். பதிலை எழுத்தில் அனுப்பவும்.