செமி ஆட்டோ, பிஸ்டல், நானூறு, ஓகே

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், துப்பாக்கியை ஒருமுறைகூடக் கையால் தொடாமல் அதன் பிறப்பிலிருந்து கோர்ட்டு வழக்கு வரை மூச்சுவிடாமல் சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பிஸ்டல் அண்ணன்.

எங்களுடையது சின்ன கம்பெனி. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் செலுத்திப் பாகங்கள் செய்கிறோம். குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி, அப்புறம் பஞ்சர் கடைகளில் தூசி ஊதுவார்களே, அந்த ஏர் கன்னின் உடம்பு. நான் அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். எதையும் வரிசை எண் போட்டு எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இந்தக் குணத்துக்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன்.

எல்லாம் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் தொடங்கியது. அவர் செல்போனில் ஏதோ ஆங்கில வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்தது கால்வாசிதான். ஆனால் நடுவில் 'ஜிங்க்' என்ற சொல் காதில் விழுந்திருக்கிறது. சாதத்தைப் பிசைந்த கையோடு திரும்பி, தன் பின்னால் அடுக்கியிருந்த ஜிங்க் கட்டிகளைப் பார்த்தார். மறுபடி செல்போனைப் பார்த்தார்.

"மேடம், இங்க வாங்களேன். அமெரிக்காக்காரன் நம்ம மெட்டல்ல துப்பாக்கி ஊத்திகிறான் மேடம்!"

அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சு கிடையாது. அது ஒரு மலிவான செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல். ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்த குண்டு தானாக வந்து உட்காரும். அந்த ஊரில் சில கம்பெனிகள் அதை எஃகில் கடையாமல் ஜிங்க் கலவையில் வார்த்து, நல்ல துப்பாக்கி வாங்க முடியாதவர்களுக்கு விற்றன. அவசரத்துக்குச் சுடாமல் சிக்கிக்கொள்ளும். சுட்டாலும் குறி தப்பும். அப்படியும் போலீஸ் எந்தத் திருடனைப் பிடித்தாலும் அவன் பையிலிருந்து இதுதான் விழுமாம்.

"ஊட்டாண்ட நம்ம கூட ஒண்ணா வளந்த பையன், அமெரிக்கா போயி ரவுடி ஆய்ட்ட மாரி கீது மேடம்" என்பார், முகத்தில் உண்மையான வருத்தத்தோடு.

அவர் சொன்னதை எல்லாம் நான் ஒரு தாளில் வரிசையாக எழுதி, வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. குறிப்பாக, உருகுநிலைச் சட்டம். அங்கே சில மாநிலங்களில், குறைந்த சூட்டிலேயே உருகிவிடும் உலோகத்தில் செய்த துப்பாக்கியை விற்கக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"உருகறதுக்குன்னே பொறந்த மெட்டலு மேடம் அது. அது உருகலன்னா உனுக்கும் எனுக்கும் இங்க இன்னா வேலை? அத்தப் போயி குத்தம்னு எழுதி வச்சிகிறான் பாரு!"

ஒரே ஒரு பகுதியை மட்டும் சிரிக்காமல் சொல்வார். அந்த மாதிரிப் பிஸ்டல் ஒன்றில், உள்ளே இருக்கும் குண்டை வெளியே எடுக்க வேண்டுமென்றால் பாதுகாப்புப் பூட்டைத் திறந்தாக வேண்டும். ஒரு வீட்டில் யாரோ குண்டை எடுத்துவிடலாம் என்று நல்ல எண்ணத்தில் பூட்டைத் திறக்க, அது வெடித்துக் குண்டு ஒரு சின்னப் பையன் மேல் பாய்ந்தது. பையன் பிழைத்தான், நடக்க முடியவில்லை. வழக்கில் கம்பெனி திவாலானது.

"மெட்டலு மேல தப்பில்ல மேடம். டிராயிங் போட்டவன் தப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

இதோடு நின்றிருந்தால் பேஜார் இல்லை. நாங்கள் எல்லோரும் 'கன் பாடி' என்று சொன்ன பாகத்தை அவர் 'பிஸ்டல்' என்று சொல்லத் தொடங்கினார். ஸ்டோர் கீப்பர் வைத்ததுதான் பொருளின் பெயர். ஒரே மாதத்தில் கம்பெனியே பிஸ்டல் என்று சொன்னது.

முதலில் மாட்டியவர் புது வாட்ச்மேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் இண்டர்காமில் பிஸ்டல் அண்ணன் அவரை அழைத்தார். "வாட்ச்மேனு, நூத்தம்பது பிஸ்டல் வெளிய வருது, கேட்ட தொறந்து வையி." வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினார். பிறகு தன் அறைக்குள் போய் அதையும் உள்பக்கம் தாழ்போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக டீ கொடுத்துப் பேசிப் பேசி வெளியே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆனது.

அடுத்தது, வடக்கேயிருந்து ஆய்வுக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் கம்பெனியின் அதிகாரி. அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த பாகங்களின் பக்கம் அவர் குனிந்தார். பின்னாலிருந்து பிஸ்டல் அண்ணன் அக்கறையோடு கத்தினார்: "சார், பிஸ்டல் சூடா கீது, தொடாதீங்க!" அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. புரிந்தவை இரண்டே சொற்கள், 'சார்', 'பிஸ்டல்'. மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினார்.

அன்று மாலை முதலாளி என்னை அழைத்தார். நிரந்தரமாக்க வேண்டிய மூன்று பேரின் பட்டியல் அவர் மேசையில் இருந்தது. இரண்டு பெயர்கள் பேனாவில் இருந்தன. மூன்றாவதாகப் பிஸ்டல் அண்ணன் பெயர் பென்சிலில் இருந்தது.

"வேலையில குறை சொல்ல முடியாது. வாய்தான். இன்னும் ஒரு புகார் வந்துது, ரப்பர் எடுத்துடுவேன்" என்றார்.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். பிஸ்டல் அண்ணன் ஒன்பது வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. ஏஜென்சி மாற மாற அவர் கழுத்து அட்டையின் நிறமும் மாறிக்கொண்டே வந்தது. அடுத்து வரவிருந்த ஏஜென்சி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களை எடுப்பதில்லை. அவருக்கு நாற்பத்தாறு. அந்த மாதத்துக்குள் நிரந்தரம் ஆகாவிட்டால் அவர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். நான் போய்ச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஜிங்க் கட்டிகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எம் மச்சான் பக்கத்து கம்பெனில பர்மனன்ட்டு மேடம். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து சொல்லிகினு போறான். நா வாயத் தொறக்கல, உடுங்க."

வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் கையில் பேனா இருந்ததே.

சரக்கோடு போகும் சலானுக்கு அந்த வாரம்தான் நான் ஒரு புதுப் படிவம் தயாரித்திருந்தேன். எந்த இயந்திரத்தில் வந்த பாகம் என்று தெரிந்தால் குறையைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பதால் அதற்கு முதல் கட்டம். அடுத்து பொருள், எண்ணிக்கை, தர நிலை, குறிப்பு. மொத்தம் ஐந்து கட்டங்கள், அளவெடுத்துப் போட்டவை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்போது தேர்தல் நேரம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனிக்குச் சரக்கோடு போன வேனை ஊத்துக்கோட்டைக்கு முன்னால் பறக்கும் படை நிறுத்தியது. டிரைவர் எனக்கு போன் செய்தார். அவருக்குப் பயம் வந்தால் தெலுங்கு கலந்துவிடும்.

"மேடம், அந்த நைனா பேப்பர்ல இன்னா எழுதிக் குடுத்துகிறாரு? என்னச் சுத்தி போலீஸ் நிக்குது. ஈடியோ வேற எடுத்துகினு கீறாங்க. நாக்கேமி தெலீது மேடம், எனுக்கு ஒண்ணியும் தெரியாது, நா வண்டி மட்டும்தான் ஓட்டறேன்!"

முதலாளி சென்னையில் இருந்தார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பிஸ்டல் அண்ணன் பின்னால் உட்கார்ந்தார். ஏர் கன் வரைபடத்தைக் காட்டி விளக்கலாம் என்று நான்தான் அதைச் சுருட்டி நீளக் குழாயில் போட்டு எடுத்து வரச் சொன்னேன். அவர் அதைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தூரத்தில் எங்களைப் பார்த்த ஏட்டு முதலில் கவனித்தது என்னை அல்ல, அந்தக் குழாயைத்தான்.

"வண்டிய அங்கயே நிறுத்து! தோள்ல இருக்கிறத கீழ வையி!"

படைக்குத் தலைமை ஒரு பெண் அதிகாரி. மேசை மேல் எங்கள் சலான். பக்கத்தில் திறந்த பெட்டியில் கைப்பிடி, விசை வைக்க இடம், முன்னால் மூக்கு என்று சாம்பல் நிறத்தில் நானூறு உடம்புகள். அவர் என் ஐந்து கட்டங்களையும் இடமிருந்து வலமாக நிதானமாகப் படித்தார்.

"செமி ஆட்டோ. பிஸ்டல். நானூறு. ஓகே." தலை நிமிர்ந்தார். "குறிப்பு: டிரிக்கர் தனியாக வரும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்களிடம் தானியங்கி இயந்திரம் ஒன்று, பாதி ஆள் பாதி இயந்திரமாக ஓடுவது ஒன்று. இது இரண்டாவதில் வந்த பாகம். தரம் சரி. விசை அடுத்த வேனில் வரும்.

"அந்த செமி ஆட்டோ மிஷினு மேடம்" என்று உதவிக்கு வந்தார் பிஸ்டல் அண்ணன்.

"மெஷின் கன்னா?"

"ஐய, கன் இல்ல மேடம், மிஷினு. ஊத்தற மிஷினு. கன்னு இதுதான்" என்று பெட்டியைக் காட்டினார். ஏட்டு எழுதிக்கொண்டார்.

"அப்ப ஓகேன்னா?"

"டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சின்னு அர்த்தம்."

நான் இருமினேன். அவர் காதில் விழவில்லை. அதிகாரி ஒன்றைக் கையிலெடுத்து எடை பார்த்தார். "இது என்ன உலோகம்?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"அப்பிடிக் கேளுங்க மேடம்! இதே மெட்டல்லதான் அமெரிக்கால நெஜத் துப்பாக்கி ஊத்தி..." என்று தொடங்கி, திருடன் பை, உருகுநிலைச் சட்டம் எல்லாவற்றையும் சொன்னார். வீடியோ எடுப்பவர் அருகே வந்து எடுத்தார். பென்சிலில் எழுதிய பெயர் ஒவ்வொரு எழுத்தாக அழிவது எனக்குக் கண்ணில் தெரிந்தது.

வரைபடத்தை விரித்தேன். அதிகாரி பார்த்தார். கோடுகளில் அது இன்னும் துப்பாக்கியாகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் பிஸ்டல் அண்ணன் சாலைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தார். ஒரு பஞ்சர் கடை இருந்தது. "ஒரு நிமிசம் மேடம்" என்று ஓடினார். ஏட்டு பின்னாலேயே ஓடினார். திரும்பி வந்தபோது நீளமான ரப்பர் குழாயின் முனையில், பெயிண்ட் உதிர்ந்த பழைய ஏர் கன் ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் பெட்டியிலிருந்து ஒரு உடம்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன.

"இது தூசி ஊதறது மேடம். இதோ பாருங்க" என்று விசையை அழுத்தினார்.

மேசை மேலிருந்த அத்தனை தாள்களும் எழுந்து ஆந்திரா பக்கம் பறந்தன. ஏட்டு எழுதியதும் அதில் ஒன்று. அதிகாரியைத் தவிர எல்லோரும் ஓடினோம். முள்வேலியிலிருந்து சலானை எடுத்துக் கொடுத்தது டிரைவர்தான். அதிகாரி முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்:

"புரியுது. பொருளோட பேரை ஒழுங்கா எழுதி வேற சலான் கொண்டு வாங்க. உங்க முதலாளிகிட்ட நான் பேசணும்."

வேன் சாயங்காலம் போய்ச் சேர்ந்தது. போனும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை முதலாளி அறையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். மேசையில் பட்டியல், பக்கத்தில் ரப்பர். நான் காரணங்களை எழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதல் காரணம்: படிவத்தில் இயந்திரத்தின் வகையைப் பொருளின் பெயருக்கு முன்னால் வைத்தது என் தவறு. குறுக்கே படித்தால் என்ன வரும் என்று நான் பார்க்கவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே பிஸ்டல் அண்ணன் குறுக்கிட்டார்.

"மேடம் போட்ட கட்டம் சரியாத்தான் கீது சார். உள்ள போட்ட வார்த்த என்னுது."

"அண்ணா, டிராயிங் போட்டவங்க தப்புன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

முதலாளி ரப்பரை விரலால் உருட்டினார். "இந்த கம்பெனில தப்பு என்னுதுன்னு அடிச்சிக்கிறத இப்பதான் பாக்குறேன். சரி, நீ சொல்லு. இனிமே அந்த வார்த்தை வரக் கூடாது. முடியுமா?"

யாராக இருந்தாலும் முடியும் என்றுதான் சொல்வார்கள். அவர் நேர்மையாக யோசித்தார்.

"எழுத மாட்டேன் சார். அதுக்கு கேரண்டி. பேசறதுக்கு கேரண்டி குடுக்க முடியாது, வந்துடும்."

முதலாளி பேனாவை எடுத்து, பென்சில் எழுத்துகளின் மேலேயே எழுதினார்.

இப்போது அவர் கழுத்தில் நிரந்தர ஊழியர் அட்டை தொங்குகிறது. படிவத்தில் இயந்திரக் கட்டம் கடைசிக்குப் போய்விட்டது. பொருள் கட்டத்தில் அவர் 'தூசி ஊதும் கருவி, உடல் பகுதி' என்று முழுசாக எழுதுகிறார். எழுதும் முன் ஒவ்வொரு தடவையும் பேனா ஒரு நொடி நின்று, தன் பிரியமான சொல்லை மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறது. எத்தனை அவசரமான லோடாக இருந்தாலும், அந்த ஒரு நொடிக்கு நான் அவரை அவசரப்படுத்துவதில்லை.