கீழே கிடப்பவன் வெல்லும் விளையாட்டு

அன்று பின்னேரம் துறைமுக வீதி வள்ளச் சங்க மண்டபத்தில் இருந்தவர்கள்: சங்கத் தலைவர் ஸெய்னுதீன், முந்தி மூதூர் பஸ்ஸில் கொண்டக்டர், இன்றைக்கு நடுவர். செயலாளர் ராசமலர் டீச்சர், கையில் குடை. மண்டபத்துப் பூட்டின் திறப்பை எவரிடமும் கொடுக்காத காவல்காரி சித்தி பரீதா. டுபாயிலிருந்து திரும்பி வந்த பஸ்லான், ஊதினால் பறக்கிற உடம்பு. கராட்டி மாஸ்டர் வேலாப்போடி, பறக்காத உடம்பு. வலை காயப்போட வந்து வேடிக்கைக்கு நின்றுவிட்ட சிலர். ஒரு பூனை.

நடுவர் "ரைட்!" என்று கத்தியதும் பஸ்லான் நிலத்தில் விரித்திருந்த பாயில் குந்தி இருந்துவிட்டான். அதுதான் பிரச்சினை.

வேலாப்போடி முன்காலை மடித்து, முஷ்டியை இறுக்கி, யாரை அடிப்பதென்று தெரியாமல் நின்றார்.

"எழும்புங்கோ தம்பி."

"நான் ரெடி, மாஸ்டர்."

"இருந்துகொண்டோ?"

"ஓம். நீங்கள் வாங்கோ."

கராட்டியில், குந்தி இருக்கிறவனை அடிக்கப் பாடம் இல்லை. வேலாப்போடி முஷ்டியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்தார். குழாயடியில் வாளி தூக்கப் போகிறவர் மாதிரி இருந்தது. திரும்ப ஏற்றினார்.

"பெடியனுக்குக் கால் நோ போல," என்றார் ராசமலர் டீச்சர். "இருக்க ஒரு கதிரை குடுங்கோவன்."

"அது அவங்கட முறை டீச்சர்," என்றார் ஸெய்னுதீன். அவருக்கும் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

வேலாப்போடிக்கு இந்த மண்டபம்தான் எல்லாம். பகல் முழுக்கத் துறைமுகத்தில் சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் "டேய்" என்று கூப்பிடப்படுகிறவர், பின்னேரம் இந்தக் கதவைத் தாண்டினால்தான் மாஸ்டர். ஒரு காலத்தில் வரிசை கட்டி நின்ற பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனார்கள். ஒருவனின் தகப்பனைப் பிடித்துக் கேட்டார்.

"மாஸ்டர், அவன் போனில கூண்டுச் சண்டை பாக்கிறான். அதுக்குள்ள உங்கட உதையக் காணேல்லயாம்."

வேலாப்போடியும் பார்த்தார். இரண்டு பேர் கூண்டுக்குள் வந்தார்கள், ரெண்டு அடி அடித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், விழுந்தார்கள், அப்படியே கிடந்தார்கள். மேலே கிடந்தவன் வென்றுவிட்டான் என்று அவர் நினைத்த நேரம், கீழே கிடந்தவனின் கையை நடுவர் தூக்கினார். திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு போனைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார்.

தேத்தண்ணிக் கடையில், டுபாயில் அந்த வித்தை படித்துவந்து வகுப்பு வைக்கச் சங்கத்திடம் மண்டபம் கேட்டிருந்த பஸ்லான்தான் விளக்கினான். "முந்தி ஒவ்வொருத்தனும் தன்ர வித்தையோட வந்தவன் மாஸ்டர். குத்துச்சண்டைக்காரன், மல்யுத்தக்காரன், கராட்டிக்காரன். பிறகு பிரேசில் ஜூ-ஜிட்சு ஆக்கள் வந்தவங்கள். மெலிஞ்ச ஆக்கள். எல்லாரையும் நிலத்துக்கு இழுத்து, கழுத்தை நெரிச்சு விட்டவங்கள். அதோட எல்லாம் மாறிப்போச்சு. இப்ப நிண்டு அடிக்கிறவனும் கீழ கிடக்கப் படிச்சிட்டுத்தான் கூண்டுக்குள்ள காலை வைக்கிறான்."

"கீழ கிடக்கிறதுக்கு வகுப்போ? அதை நான் வீட்டில சும்மாவே செய்யிறனான்."

கடை சிரித்தது. அந்தச் சிரிப்பு வேலாப்போடியின் தலைக்கு ஏறியது. கிளாசை மேசையில் அடித்து வைத்தார். "அந்தப் பெடியன்ர விளையாட்டிலயே அவனை வெண்டு காட்டுறன்! மண்டபம் ஆருக்கெண்டு சங்கம் பாக்கட்டும்!"

சங்கம் கூட்டம் போட்டது. அன்றைக்குச் சீமெந்துக் கப்பல் வந்ததால் வேலாப்போடிக்குப் போக ஏலவில்லை. போட்டி நடக்கும், வெல்பவருக்கு மண்டபம் என்ற செய்தி மட்டும் வந்தது. அது அவருக்குப் போதுமாயிருந்தது.

இப்போது எதிரி எழும்ப மாட்டேன் என்கிறான். சரி, தூக்கி நிறுத்திவிட்டு அடிப்போம் என்று வேலாப்போடி குனிந்து கையை நீட்டினார்.

பஸ்லானின் ஒரு கால் அவர் தோளில் ஏறியது. மற்றக் கால் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. உலகம் ஒருமுறை சாய்ந்து நின்றபோது, அவருடைய கழுத்தை அவருடைய கையே நெரித்துக்கொண்டிருந்தது. யாரிடம் முறையிடுவது?

"மாஸ்டர் மேல! பெடியன் கீழ!" வலைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"அமத்துங்கோ மாஸ்டர்!" என்று டீச்சர் குடையை ஆட்டினார்.

ஏலாவிட்டால் ரெண்டு தரம் தட்டுங்கோ, விட்டுவிடுவேன் என்று பஸ்லான் தொடங்கும்போதே சொல்லியிருந்தான். அப்போது வேலாப்போடி சிரித்தார். இப்போது பாயில் ரெண்டு தரம் தட்டினார். பஸ்லான் உடனே விட்டுவிட்டான்.

ஸெய்னுதீன் பாய்ந்து வந்தார். "தம்பி, ஏன் விட்டனீங்கள்?"

"மாஸ்டர் தட்டினவர், ஸெய்னுதீன் காக்கா."

"ஓம், ரெண்டு தட்டு. நானும் கேட்டனான். இவ்வளவு காலம் பஸ்ஸில நான் ரெண்டு தட்டுத் தட்டினா டிரைவர் நிப்பாட்டினவரோ? ரெண்டு எண்டா போ! ஒண்டு எண்டாத்தான் நில்!"

"இல்ல காக்கா, எங்கட விளையாட்டில..."

"பஸ்ஸில ஒரு சட்டம், பாயில ஒரு சட்டமோ? மாஸ்டரிட்டயே கேப்பம். மாஸ்டர், போ எண்டுதானே தட்டினீங்கள்?"

வேலாப்போடி வாயைத் திறந்தார். நெரிபட்ட தொண்டையிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பூனை திரும்பிப் பார்த்தது.

"ஓம் எண்டுறார். ரைட், ரைட்!"

இந்த முறை வேலாப்போடி குனியவில்லை. சுற்றிப்போய் முதுகுப் பக்கமாகப் பிடிப்பதென்று முடிவெடுத்தார். அவர் சுற்றினார். பஸ்லான் இருந்த இடத்திலேயே ஆட்டுக்கல் குழவி மாதிரிச் சுழன்றான். எந்தப் பக்கம் போனாலும் அந்த இரண்டு கால்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் தலை சுற்றியது அவருக்குத்தான். ஒரு கணம் தடுமாறினார். அடுத்த கணம் பஸ்லான் அவர் முதுகில் இருந்தான், கை கழுத்தில் இருந்தது.

மூட்டை சுமந்து பழகிய உடம்பு. அவரைக் கேட்காமலே நிமிர்ந்து நின்றுவிட்டது.

"அம்மாடி! தூக்கிட்டார்!" டீச்சர் எழும்பிவிட்டார்.

வேலாப்போடிக்குக் கண் மங்கியது. ஆனாலும் நடுவரின் சட்டம் ஞாபகம் இருந்தது. ஒரு தட்டு என்றால் நில். பஸ்லானின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஒரு தட்டுக்கு பஸ்லானின் விளையாட்டில் ஒரு அர்த்தமும் இல்லை. அவன் இன்னும் இறுக்கினான்.

"பாருங்கோ, மாஸ்டர் நிப்பாட்டச் சொல்லுறார்," என்றார் ஸெய்னுதீன் உருகிப்போய். "பெடியனில இரக்கப்படுறார்."

அதற்குமேல் சட்டம் பார்க்க வேலாப்போடிக்கு மூச்சு இல்லை. பஸ்லானின் தொடை, தன் தொடை, காற்று என்று கைக்கு எட்டியதிலெல்லாம் மழை மாதிரித் தட்டினார். பஸ்லான் வழுகி இறங்கி நிலத்தில் குந்தினான்.

"மாஸ்டர், சுகமோ?"

ஸெய்னுதீன் நடுவில் வந்து நின்றார். "பிடிச்சவன் ரெண்டு தரமும் தானாவே விட்டிட்டான். மாஸ்டர் நிண்டபடி நிக்கிறார், பெடியன் நிலத்தில கிடக்கிறான். இதுக்குமேல என்ன கதை? வெண்டது மாஸ்டர்!"

பஸ்லான் வேலாப்போடியைப் பார்த்தான்.

வேலாப்போடிக்குக் குரல் திரும்பி வந்திருந்தது. வந்ததை அவர் தெளிவாக உணர்ந்தார். ஒரு சொல் சொன்னால் போதும். அவர் இருமினார். பஸ்லான் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

பஸ்லானுக்கு விளங்கிவிட்டது. தன் தடித்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்தான். "கழுத்துக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுங்கோ மாஸ்டர்," என்று சொல்லிவிட்டு மூதூர் பஸ் பிடிக்கப் போனான்.

வாசல்வரை வந்து, போகிறவனைப் பார்த்து நின்ற வேலாப்போடிக்கு வெட்கம் வந்தது. அது நிலைக்கவில்லை. வாசலில் பிள்ளைகள் வரத் தொடங்கியிருந்தார்கள். கரைந்து போனவர்கள் எல்லாரும், அவர்களோடு புதிதாக எத்தனையோ பேர். தாய்மார் அவர்களை உள்ளே தள்ளிவிட்டு, "மாஸ்டர், நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ," என்று சொல்லிப் போனார்கள். மண்டபம் நிறைந்தது. வெளியே கொள்கலன் லொறிகள் ஓடும் வீதி என்பதால், வகுப்பு முடியும்வரை கதவைப் பூட்டி வைப்பது சித்தி பரீதாவின் சட்டம். அவள் திறப்பை இடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

வேலாப்போடி நெஞ்சை நிமிர்த்தி உள்ளே போனார்.

பிள்ளைகள் எல்லாரும் மல்லாக்கக் கிடந்தார்கள். கால்கள் மேலே.

"எழும்புங்கோ!" என்று கத்தினார். "ஆர் படுக்கச் சொன்னது? கராட்டியில ஆரும் படுக்கிறதில்ல!"

கதவைப் பாதி இழுத்திருந்த சித்தி பரீதா தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"கராட்டியோ? அதைப் போன கூட்டத்திலயே நிப்பாட்டியாச்சு மாஸ்டர். இண்டைக்குப் பாத்தது, இந்தப் பிள்ளையளுக்கு ஜூ-ஜிட்சு படிப்பிக்க ரெண்டு பேரில ஆர் நல்லம் எண்டல்லோ."

கதவைச் சாத்தினாள். வெளியே திறப்புத் திரும்பியது.